பழைய பென்ஸ் குழப்படி விட்டா முதல் எதைப் பாக்கிறது: ஒரு கலியாணக் கார்க்காரன்ர கொப்பி

கிளிநொச்சியில கலியாண ஹயருக்கு ஓடுற 2004 ஆம் ஆண்டு ஈ 200 கொம்பிரசர் ஒண்டு என்னட்ட இருக்கு. டபிள்யூ 211 எண்டு சொல்லுற மொடல், வெள்ளை, முன்னுக்கு ரெண்டு சோடி வட்ட லைற். வாங்கேக்க கண்ட ஆக்கள் எல்லாம் சொன்னது "தம்பி பென்ஸ் வாங்கிறது சுகம், வச்சிருக்கிறதுதான் பாடு" எண்டு. அது பாதி உண்மைதான், மற்றப் பாதி என்னெண்டா கூடப்பேர் காசு விடுறது பழுதாப்போன சாமானுக்கு இல்லை, பழுதாகாத சாமானை மாத்தித்தான். நான் முதல் வருசம் மாத்தின ஆறு சாமானில மூண்டு நல்லாத்தான் இருந்திருக்கு, கழட்டினதை இப்பவும் ஸ்ரோரில வச்சிருக்கிறன், பாக்கேக்கயெல்லாம் வயிறு எரியும்.

அதால இதை அறிகுறி அறிகுறியா எழுதுறன். கார் என்ன செய்யுது, முதல் எதைப் பாக்கோணும், எது காத்திருக்கும், எது காத்திருக்காது. ரூபாவில விலை சொல்ல மாட்டன், 2022 இல டொலர் 200 இல இருந்து 360 க்கு ஏறினதைப் பாத்த ஆக்களுக்கு ஏனெண்டு விளங்கும். நான் கணக்குப் பாக்கிறது ஹயரில, அதாவது ஒரு கலியாண ஓட்டத்தில பெற்றோலும் பூ அலங்காரமும் கழிச்சு கையில மிஞ்சிறது ஒரு ஹயர். ஒரு வேலை எத்தனை ஹயர் தின்னும் எண்டு யோசிச்சா தலை கொஞ்சம் நிதானமா வேலை செய்யும். உங்களிட்ட ஹயர் ஓட்டம் இல்லையெண்டா சம்பளத்தில எத்தனை நாள் எண்டு வச்சுக்கொள்ளுங்கோ.

முதல் ஒரு மல்ரிமீற்றர் வாங்குங்கோ, கால் ஹயர் கூட வராது. அடுத்தது ஸ்கானர். போனோட சேர்ற மலிவு ஸ்கானர் எஞ்சின்ர பிழையைச் சொல்லுற கோட் மட்டும்தான் காட்டும், பிரேக், கியர்பொக்ஸ், பொடி கம்பியூட்டர் எல்லாம் வாசிக்க பென்ஸுக்கெண்டு இருக்கிற ஸ்கானர் வேணும், அது வவுனியாவில இல்லாட்டி யாழ்ப்பாணத்தில ஆரிட்டயாவது இருக்கும், விசாரிச்சு நம்பரை வச்சிருங்கோ. "கோட் ஒண்டும் இல்லை, கார் சுத்தம்" எண்டு மலிவு ஸ்கானரைப் பாத்துச் சொல்லுறவரிட்ட எந்தக் கம்பியூட்டரை வாசிச்சனீங்கள் எண்டு ஒருக்கா கேளுங்கோ.

திறப்பைத் திருப்பினா "டிக்" எண்டு மட்டும் கேக்குது, இல்லாட்டி டாஷ்போட்டில கார்த்திகை விளக்கீடு மாதிரி எல்லா லைற்றும் எரியுது

பயப்பிடாதேங்கோ, பத்தில எட்டுத்தரம் இது பற்றறி. இந்த மொடலில எஸ்பிசி எண்ட கம்பியூட்டர் பிரேக் (கீழ சொல்லுறன்) இருக்கிற வருசங்களில ரெண்டு பற்றறி, பெரிசு டிக்கிக்கு அடியில, சின்னது பொனற்றுக்குள்ள. கனபேருக்குச் சின்னது இருக்கிறதே தெரியாது, பெரிசைப் புதுசா மாத்திப்போட்டு "இன்னும் லைற் எரியுது" எண்டு அழுவினம். கலியாணக் கார் எண்டா ரெண்டு கிழமை கொட்டிலுக்குள்ள நிண்டிட்டு ஒரு நாள் விடிய எழும்போணும், அதுவும் பற்றறிக்குக் கேடு.

இரவு நிப்பாட்டி விடிய அளவுங்கோ. 12.6 வோல்ற் எண்டா நிறைஞ்சிருக்கு, 12.2 எண்டா பாதி, 12 க்குக் கீழ எண்டா அதை நம்பி தாலி கட்டுற நேரத்துக்கு வாக்குக் குடுக்காதேங்கோ. ஸ்ராட் பண்ணினாப்பிறகு 13.8 இல இருந்து 14.5 க்குள்ள நிக்கோணும், அதுக்குக் கீழ எண்டா ஒல்ரனேற்றர் பக்கம் பாருங்கோ. பற்றறி நல்லது, ஒல்ரனேற்றர் நல்லது, ஆனா ரெண்டு நாளில இறங்குது எண்டா எதோ ஒண்டு நித்திரை கொள்ளாம கரண்ட் குடிக்குது. காரைப் பூட்டி அரை மணித்தியாலம் விட்டு அளந்தா 50 மில்லி அம்பியருக்குக் குறைய இருக்கோணும், கூட எண்டா ஒவ்வொரு பியூசாக் கழட்டி எதில குறையுது எண்டு பாக்கோணும். காசு இல்லாத வேலை, பொறுமை மட்டும் வேணும்.

எஞ்சின் ஓடேக்க பற்றறி ரேமினலைக் கழட்டி ஒல்ரனேற்றர் பாக்கிற பழக்கம் எங்கட பக்கம் இன்னும் இருக்கு. லாண்ட் மாஸ்ரரும் பழைய ரக்ரரும் அதைத் தாங்கியிருக்கலாம். இந்தக் காரில அப்பிடிச் செய்தா ஒரு செக்கனில வோல்ரேஜ் எகிறி ரெண்டு மூண்டு கம்பியூட்டரைக் கொண்டு போயிடும், பிறகு ஹயரில இல்லை, காணியில கணக்குப் பாக்க வேண்டி வரும். ஆரும் அந்த ரேமினலில கை வச்சா கையைப் பிடியுங்கோ, மரியாதை பாக்காதேங்கோ.

ஓடி வந்து நிப்பாட்டி பத்து நிமிசத்தால ஸ்ராட் வருதில்லை, ஆறவிட்டா வருது

இது எனக்கு நடந்தது முறிகண்டியில. வவுனியாவில இருந்து மாப்பிள்ளை வீட்டாரை ஏத்திக்கொண்டு வாறன், ஏ9 றோட்டில வாற ஆர் முறிகண்டிப் பிள்ளையாரைத் தாண்டி நிக்காமப் போறது, இறங்கி தேங்காய் உடைச்சு கச்சான் வாங்கிக்கொண்டு திரும்பி வந்து திறப்பைத் திருப்பினா எஞ்சின் சுத்துது சுத்துது பிடிக்குதில்லை. மாப்பிள்ளைட மாமா ஒராள் "தேங்காய் அழுகலோ பார்" எண்டு கேட்டார். அரை மணித்தியாலத்தால ஒண்டும் நடக்காத மாதிரி ஸ்ராட் வந்தது, பிறகு ஒரு கிழமை குழப்படியே இல்லை. ஒரு கராஜில பெற்றோல் பம்ப் எண்டு சொல்லி மாத்தினவை, மூண்டு ஹயர் போச்சு. அடுத்த மாசம் திரும்ப அதே முறிகண்டி, அதே தேங்காய்.

கடைசியாப் பாத்தா கிராங்க் சென்சர். எஞ்சின்ர பின் பக்கம் கியர்பொக்ஸ் சேர்ற இடத்தில இருக்கிற ஒரு சின்னச் சாமான், எஞ்சின் எவ்வளவு வேகமாச் சுத்துது எண்டு கம்பியூட்டருக்குச் சொல்லுறது. வயசு போனா சூட்டில சிக்னல் குடுக்காது, ஆறினா குடுக்கும். ஓடேக்க காத்து அடிச்சுக்கொண்டு இருக்கும், நிப்பாட்டின உடனதான் எஞ்சின்ர சூடு எல்லாம் மேல ஏறி அதைச் சுடும், அதாலதான் ஓட்டத்தில பிழைக்காம நிப்பாட்டின இடத்தில பிழைக்கிறது. பிள்ளையார் ஒரு பாவமும் அறியார்.

பம்போ சென்சரோ எண்டு எப்பிடிப் பிரிக்கிறது? ஸ்ராட் வராத அந்த நேரத்திலயே பாக்கோணும், ஆறினாப்பிறகு கராஜுக்குக் கொண்டு போனா எல்லாம் நல்லாத்தான் இருக்கும். திறப்பை ஒன் பண்ணேக்க பின் சீற்றுக்குக் கீழ பம்ப் "ஊம்" எண்டு ஒரு செக்கன் ரெண்டு செக்கன் உறுமுதா எண்டு காது குடுங்கோ, உறுமினா பம்புக்கு கரண்ட் போகுது. பிறகு போன் ஸ்கானரை மாட்டி ஸ்ராட் அடிக்கேக்க ஆர்பிஎம் பாருங்கோ, எஞ்சின் சுத்தேக்க அங்க பூச்சியம் நிண்டா சென்சர்தான், 200 அளவில காட்டினா வேற இடத்தில தேடுங்கோ. பி 0335 எண்ட கோட் இருந்தா இன்னும் நல்லம், ஆனா கோட் இல்லை எண்டதால சென்சர் நல்லது எண்டு நினைக்க வேண்டாம், என்ரயில ஒரு நாளும் கோட் விழேல்ல. இந்தச் சென்சரில சீனப் போலி போடாதேங்கோ, பென்ஸுக்கே செய்து குடுக்கிற கொம்பனி தன்ர பெட்டியில போட்டு விக்கிறது இருக்கு, ஒரு ஹயருக்குள்ள முடியும்.

ஊர்வலத்தில ரெம்பரேச்சர் ஏறுது, ஏ9 இல ஏறவில்லை

பொம்பிளை மாப்பிள்ளையை ஏத்திக்கொண்டு மேளக்காரருக்குப் பின்னால ஆமை மாதிரிப் போகேக்க முள் ஏறுது, பிறகு றோட்டில விட்டா இறங்குது எண்டா ரேடியேற்றர் அடைப்பு எண்டு முதலே முடிவெடுக்காதேங்கோ. வேகத்தில காத்து தானா வருது, மெல்லப் போகேக்க பான் இழுத்தாத்தான் காத்து. எஞ்சின் சூடா நிக்க ஏசியைக் கூடிய குளிரில போட்டு பொனற்றைத் திறந்து பாருங்கோ, பான் சுத்தோணும், சூடு ஏற ஏற வேகமும் ஏறோணும். சுத்தவே இல்லையெண்டா பியூஸ், பிறகு பானோட சேர்ந்து இருக்கிற கொன்ரோல் பெட்டி. மோட்டருக்கு நேரா 12 வோல்ற் குடுத்து அது சுத்தினா மோட்டர் நல்லது, பெட்டிதான் போச்சு.

அதுக்கு எதிர்மாறும் இருக்கு. றோட்டில வேகமாப் போகேக்க ஏறுது, ஊர்வலத்தில பரவாயில்லை எண்டா ரேடியேற்றருக்குள்ள அடைப்பு, இல்லாட்டி தண்ணிப் பம்ப். எங்கட பக்கம் கிணத்துத் தண்ணி எப்பிடி எண்டு கேத்திலுக்குள்ள பாருங்கோ, வெள்ளையாப் படிஞ்சிருக்கும், அதே சுண்ணாம்புதான் ரேடியேற்றருக்குள்ளயும் படியும். கூலண்ட் பாதி, வடிச்ச தண்ணி பாதி, வேற ஒண்டும் ஊத்தாதேங்கோ, அவசரத்துக்குப் போத்தல் தண்ணி ஊத்தினா பிறகு கழுவி மாத்துங்கோ.

மெக்கானிக் "தேர்மோஸ்ராற்றைக் கழட்டி எறிவம், எங்கட வெயிலுக்கு அது தேவையில்லை" எண்டு சொல்லுவார், கட்டாயம் சொல்லுவார். அந்த அண்ணைமார் கெட்டிக்காரர், சண்டைக்காலப் பொருள் தடைக்குள்ள ரெண்டு சொட்டுப் பெற்றோலில ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில ஒஸ்ரின் ஏ40 கார் ஓட்டினவை, சத்தத்தை வச்சே எந்த வால்வ் எண்டு சொல்லுவினம், எனக்கு அவையில நல்ல மரியாதை. ஆனா இந்த எஞ்சின் கம்பியூட்டர் சூட்டைப் பாத்துத்தான் பெற்றோல் அளவு முடிவு பண்ணுது, தேர்மோஸ்ராற் இல்லையெண்டா எஞ்சின் எப்பவும் குளிர் எண்டு நினைச்சு பெற்றோலைக் கூட விடும், புகைச் சோதனையில போய் மாட்டுவியள், சோதனைத் துண்டு இல்லையெண்டா வருச லைசன்ஸும் எடுக்கேலாது. 80 க்குக் கீழயே முள் நிண்டா அதுவும் பழுதுதான், தேர்மோஸ்ராற் திறந்தபடி இறுகிப்போச்சு, புதுசு போடுங்கோ.

முள் சிவப்புக்குப் போனா எந்த முகூர்த்தம் எண்டாலும் ஓரம் கட்டி நிப்பாட்டுறதுதான். எஞ்சின் ஹெட் வளைஞ்சா பத்து ஹயர் கதை.

விடிய ஸ்ராட் பண்ணேக்க ரெண்டு மூண்டு செக்கன் "கரகர" சத்தம், பிறகு இல்லை

இதைத்தான் ஆக்கள் கணக்கெடுக்கிறேல்ல, இதைத்தான் முதல் கணக்கெடுக்கோணும். இந்த எம் 271 எஞ்சின் 1796 சிசி, 2002 இல இருந்து வந்தது, இதுக்கு ரைமிங் செயின் நீளுறதும் வால்வைத் திறக்கிற கம் தண்டின்ர அட்ஜஸ்ரர் பல்லுத் தேயுறதும் தெரிஞ்ச வருத்தம். கரகர எண்டு கேட்டு அதோட பி 0016, பி 0017 எண்டு கோட்டும் வந்தா சத்தத்தைப் பொறுத்துக்கொண்டு ஓடாதேங்கோ. செயின் ஒரு பல்லுத் தாண்டினா வால்வும் பிஸ்ரனும் அடிபடும், அதுக்குப் பிறகு எஞ்சின் தேடி கொழும்பில கழட்டின சாமான் விக்கிற பஞ்சிகாவத்தைக்குப் பஸ் ஏற வேண்டியதுதான். காத்தை அமத்தி உள்ளுக்குத் தள்ளுற கொம்பிரசர் போட்ட எஞ்சின், ஓயில் மாத்தப் பிந்தினா செயினுக்குத்தான் முதல் அடி. அஞ்சரை லீற்றர் பிடிக்கும், போத்தலில 229.5 இல்லாட்டி 229.3 எண்டு பென்ஸ் நம்பர் இருக்கோணும். கிரவல் தூசிக்குள்ள ஓடுறதால நான் 7,000 கிலோமீற்றருக்கு ஒருக்கா மாத்துறன், புத்தகம் கூடச் சொல்லும், புத்தகம் எழுதினவர் ஒட்டுசுட்டான் உள் றோட்டில ஓடேல்ல.

பெற்றோல் மூடியில 95 எண்டு போட்டிருக்கும். இஞ்ச எல்லா பெற்றோல் செட்டிலயும் எந்த நேரமும் 95 இருக்கும் எண்டு இல்லை, ஒரு தரம் 92 அடிச்சா எஞ்சின் செத்துப்போகாது, கொஞ்சம் இழுவை குறையும், அக்சிலேற்றரை அமத்தாம ஓடுங்கோ.

ஐடிலில (கார் நிக்க எஞ்சின் ஓடேக்க) நடுங்குது, விசில் மாதிரிச் சத்தம், செக் எஞ்சின் லைற்

சென்சருக்கு ஓடாதேங்கோ. இந்த எஞ்சினில மூச்சு விடுற றப்பர் குழாய்கள் கொம்பிரசருக்குக் கீழ, கண்ணுக்குத் தெரியாத இடத்தில இருக்கு, எஞ்சின் சூட்டில 20 வருசமா அவிஞ்சு வெடிச்சிருக்கும். வெடிப்பால களவாக் காத்துப் போகும், பி 0171 எண்டு கோட் வரும், கோட்டைப் பாத்திட்டு, உள்ள போற காத்தை அளக்கிற ஏர் மாஸ் சென்சரை மாத்துவினம், ரெண்டு நாள் நல்லா இருக்கிற மாதிரி இருக்கும், திரும்ப அதே கோட். புகை விட்டுப் பாக்கிற மிசின் இருக்கிற இடத்தில ஒருக்கா புகை விட்டா பத்து நிமிசத்தில எங்க எண்டு தெரியும். குழாய் சின்னக் காசு, கழட்டிப் பூட்டுற கூலிதான் கூட.

அதே நாள் இன்னொண்டும் பாருங்கோ, இது இனாம். எஞ்சின்ர முன் பக்கம் மேல ரெண்டு கம் மக்னற் இருக்கு, அதின்ர பிளக்கைக் கழட்டி உள்ளுக்கு ஓயில் ஈரம் இருக்கா எண்டு பாருங்கோ. இருந்தா உடன மக்னற் மாத்தோணும், ஏனெண்டா அந்த ஓயில் வயருக்குள்ளால, விளக்குத் திரியில எண்ணெய் ஏறுற மாதிரி, மெல்ல மெல்ல ஊறி ஒக்சிசன் சென்சருக்கும் கம்பியூட்டருக்கும் போய்ச் சேரும். நேரத்தோட பிடிச்சா ஒண்டரை ஹயர், கம்பியூட்டர் பிளக்கில ஓயில் கண்டாப்பிறகு எண்ணேலாது. இடையில பூட்டுற ஒரு சின்ன வயர்த் துண்டும் விக்கிறாங்கள், ஓயில் வந்தா அதோட நிண்டிடும், போட்டு வையுங்கோ.

கியர் ரெண்டோட நிண்டிட்டுது, மேல ஏறுதில்லை

கியர்பொக்ஸ் முடிஞ்சுது எண்டு அழவேண்டாம், அது தன்னைக் காப்பாத்த ரெண்டாம் கியரில இறுக்கி வச்சிருக்கு. ஓரமா நிப்பாட்டி, பார்க்கில போட்டு, திறப்பைக் கழட்டி, ஒரு பத்து செக்கன் விட்டு ஸ்ராட் பண்ணுங்கோ. திரும்ப ஒழுங்கா ஓடினா இரும்பு பிழையில்லை, கரண்ட்தான் பிழை. இந்த அஞ்சு கியர் பெட்டியில கரண்ட் பிழை வாற இடம் ரெண்டு: பக்கத்தில இருக்கிற 13 பின் பிளக்கின்ர றப்பர் வளையம், உள்ளுக்கு கரண்ட் பாதையும் சென்சரும் இருக்கிற கொண்டக்ரர் பிளேற் எண்ட தட்டு. பிளக்கைச் சுத்தி ஓயில் ஈரம் கண்டா முதல் வளையத்தை மாத்துங்கோ, அரை ஹயரும் வராது. இந்தப் பெட்டிக்கு ஓயில் மாத்தத் தேவையில்லை எண்டு ஒரு காலம் சொன்னவை, கேக்காதேங்கோ, 60,000 கிலோமீற்றருக்கு ஒருக்கா பில்ரரோட மாத்துங்கோ. அளவு பாக்கிற கம்பி காரோட வராது, கராஜில இருக்கா எண்டு கேட்டிட்டு விடுங்கோ, "மட்டா ஊத்தினாச் சரி" எண்டு சொல்லுறவரிட்ட விடாதேங்கோ.

கார்ப்பெற் போட்ட ஏ9 இல 60 இல அக்சிலேற்றரை மெல்ல அமத்திக்கொண்டு போகேக்க கிரவலில போற மாதிரி நடுங்குது எண்டா அது வேற வருத்தம். ரேடியேற்றருக்குள்ள கியர் ஓயில் ஆறுற குழாய் உடைஞ்சு கூலண்ட் கியர்பொக்ஸுக்குள்ள கலந்திருக்கலாம், முக்கியமா 2003 ஐ ஒட்டின வருசக் கார்களில ஒறிஜினல் ரேடியேற்றர் இன்னும் இருந்தா. கியர் ஓயிலில கூலண்ட் இருக்கா எண்டு சோதிச்சுப்போட்டு, எப்பிடியும் ரேடியேற்றரை மாத்துங்கோ. இது ஒண்டுதான் பழுதாக முதல் மாத்துங்கோ எண்டு நான் சொல்லுற சாமான்.

பிரேக் பக்கம் சிவப்பு எழுத்து

இதுக்குக் கொஞ்சம் கூட எழுதோணும், ஏனெண்டா உயிர்.

2006 இல முகம் மாத்தின மொடலுக்கு முந்தின 211 எல்லாத்திலயும் எஸ்பிசி எண்ட பிரேக். நீங்கள் பெடல் அமத்தினா அது நேரா சில்லுக்குப் போகாது, கம்பியூட்டருக்குப் போகும், கம்பியூட்டர் ஒரு கரண்ட் பம்பில சேத்து வச்ச அமுக்கத்தில பிரேக் பிடிக்கும். 2004 இல இதுக்காக உலகம் முழுக்க லட்சக்கணக்கான காரைத் திருப்பி எடுத்துத் திருத்தினவை. பம்போட இருக்கிற கம்பியூட்டர் நீங்கள் ஒவ்வொரு தரம் அமத்திறதையும் எண்ணும், 300,000 தாண்டினா ஆயுள் முடிஞ்சுது எண்டு எழுத்து வரும், ஸ்கானரில சி 249 எஃப் எண்டு கோட் விழும்.

இஞ்சதான் எங்கட ஆக்கள் ஏமாறுறது. கொழும்பில இருந்து "60,000 தான் ஓடினது, டொக்ரர் வச்சிருந்தது" எண்டு காட்டுவாங்கள். கொழும்பு ட்ரபிக்கில 60,000 ஓடினா எத்தனை தரம் பிரேக் அமத்தியிருக்கும்? ஏ9 இல வவுனியாவில இருந்து கிளிநொச்சிக்கு 75 கிலோமீற்றர், மாடு குறுக்க வராட்டி முப்பது தரம் அமத்தினாப் பெரிய காரியம். அப்ப 150,000 ஓடின வன்னிக் கார்ல பிரேக் கணக்குக் குறைவாவும், 60,000 ஓடின கொழும்புக் கார்ல கூடவாவும் இருக்கலாம். மீற்றரைப் பாக்காதேங்கோ, பென்ஸ் ஸ்கானர் போட்டு எஸ்பிசி எண்ணிக்கையைப் பாத்துத்தான் விலை பேசுங்கோ. கலியாண ஊர்வலமும் கொழும்பு ட்ரபிக் மாதிரித்தான், நிமிசத்துக்கு அஞ்சு தரம் அமத்தினா மணித்தியாலத்துக்கு 300, அதாவது ஆயிரம் மணித்தியால ஊர்வலத்தில ஒரு பம்பின்ர ஆயுள் முழுக்கப் போகும். அதால நான் மேளத்துக்கு பின்னால போகேக்க தொட்டுத் தொட்டு விடாம, கொஞ்ச இடைவெளி விட்டு, ஒருக்கா அமத்தி நிண்டு பிறகு போறன், வீடியோக்காரர்தான் ஏசுவினம்.

கார் திறக்கேக்க பொனற்றுக்குள்ள "ஸ்ஸ்" எண்டு ஒரு சத்தம் கேக்கும், அது அமுக்கம் ஏத்திறது, பயப்பிடாதேங்கோ. ஆனா ஒவ்வொரு தரம் அமத்தவும் பம்ப் நீளமா ஓடினா உள்ளுக்கு இருக்கிற அமுக்கச் சேமிப்பு தளர்ந்திட்டுது எண்டு அர்த்தம். சிவப்பு எழுத்து வந்து பெடல் கல்லு மாதிரி இறுகி, ஆழமாப் போனாத்தான் பிடிக்குது எண்டா பம்ப் கைவிட்டு முன் சில்லு ரெண்டும் மட்டும் உங்கட கால் பலத்தில நிக்குது. அதோட ஓடாதேங்கோ, பக்கத்து ஊர் எண்டாலும் ரிக்கவரி வண்டியில ஏத்துங்கோ. ஆனா ஏத்த முதல் ரெண்டு பற்றறியையும் அளவுங்கோ, வோல்ற் குறைஞ்சாலும் இந்த எழுத்து வரும், ஒருத்தர் பம்ப் வாங்கக் காசு கட்டினாப்பிறகுதான் சின்னப் பற்றறி 10.5 எண்டு கண்டது.

எண்ணிக்கையைத் திருப்பிப் பூச்சியமாக்கித் தாறம் எண்டு சொல்லுறவையும் இருக்கினம், மலிவாத்தான் இருக்கும். எண்ணைத்தான் அவை அழிக்கிறது, உள்ளுக்கு மோட்டருக்குத் தேய்ஞ்ச காபன் பிறஷ் தேய்ஞ்சதுதான். நான் பொம்பிளை மாப்பிள்ளையை ஏத்திற காருக்கு அப்பிடிச் செய்யமாட்டன்.

பிரேக் பாட் மாத்திற பெடியனுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கோ: எஸ்பிசியை ஸ்கானரால நிப்பாட்டாம கலிப்பருக்குள்ள விரல் விடக்கூடாது. ஆராவது கதவைத் திறந்தாலோ றிமோட்டை அமத்தினாலோ பிரேக் தானாப் பிடிக்கும், விரல் போயிடும். வேலை முடியுமட்டும் திறப்பை உங்கட சேட் பொக்கற்றில வச்சிருங்கோ.

மிச்சச் சின்ன வருத்தங்கள்

பாலம், பள்ளத்தில முன் பக்கம் "டொக்" எண்டு அடிச்சா, சில்லைப் பிடிச்சிருக்கிற கீழ்க் கையின்ர (ஆம் எண்டு சொல்லுறது) போல் ஜொயின்ற். ஜக்கில தூக்கி சில்லை ஆட்டிப் பாருங்கோ, ஆட்டம் இருந்தா ரெண்டு பக்கமும் ஒண்டா மாத்தி அலைன்மென்ற் எடுங்கோ.

மாரியில கால் விரிப்பு ஈரமானா கண்ணாடிக்குக் கீழ இருக்கிற தண்ணி வடிகிற ஓட்டையில வேப்பிலை அடைச்சிருக்கும், கையால எடுத்து விடுங்கோ, விட்டா கம்பியூட்டருக்குள்ள தண்ணி போகும். எலி வயர் கடிக்கிறது இஞ்ச பெரிய பிரச்சினை, கொட்டிலுக்குள்ள நெல்லு மூட்டையும் பென்ஸும் ஒண்டா வைக்காதேங்கோ, இது எனக்கு என்ர அம்மாவோட நடந்த சண்டை, இன்னும் முடியேல்ல.

ஏசி சொகுசு எண்டு சொல்லுவினம். கலியாணக் காருக்கு அது சொகுசு இல்லை, வைகாசி வெயிலில பொம்பிளைட முகத்தில பூசினது வழிஞ்சா அடுத்த ஹயர் வராது.

காசுக் கணக்கு

கொப்பியில மூண்டு பக்கம் வச்சிருக்கிறன். முதல் பக்கம் பிரேக், சூடாகிறது, செயின், அதாவது வந்தா அண்டைக்கே கார் நிக்கும், ஹயர் வேற ஆளுக்குக் குடுத்தாலும் சரி. ரெண்டாம் பக்கம் ஆடிக்கும் மார்கழிக்கும், அந்த ரெண்டு மாசமும் எங்கட பக்கம் கலியாணம் வைக்க மாட்டினம், கார் சும்மாதான் நிக்கும், கியர் ஓயில், ஆம், றப்பர் எல்லாம் அப்ப. ஒரே இடம் கழட்டிற வேலையை ஒண்டாச் சேத்துச் செய்யுங்கோ, முன் பக்கம் பிரிச்சா ரேடியேற்றர், பெல்ற், தேர்மோஸ்ராற் ஒரே கூலியில முடியும். மூண்டாம் பக்கம் சீற் சுவிச், பின் கண்ணாடித் திரை, அதில எழுதினது மூண்டு வருசமா அப்பிடியே கிடக்கு, கார் ஓடுது.

ஒவ்வொரு நாலு ஹயரில ஒண்டைத் தொடாம வங்கியில போடுறன். அது எஸ்பிசிக்கெண்டு. பம்ப் போனா நிண்டுபோற காரை கடன் வாங்கித் திருத்தினா வட்டிக்கும் சேத்து ஓடோணும்.

சாமான் வாங்கிறதில பென்ஸ் பெட்டிதான் வேணும் எண்டு இல்லை, அதே சாமானைச் செய்யிற கொம்பனி தன்ர பெட்டியில போட்டு விக்கும், விலை குறைவு. பஞ்சிகாவத்தையில கழட்டின சாமான் வாங்கலாம், கதவுக் கைபிடி, லைற், சுவிச், கண்ணாடி அதுகள். றப்பர், சென்சர், பிரேக் கழட்டினது வாங்காதேங்கோ, உங்கடயைப் போல அதுக்கும் 20 வயசு. ஓடர் பண்ணேக்க 17 எழுத்துச் சேஸ் நம்பரைக் குடுங்கோ, "2004 பென்ஸ்" எண்டு மட்டும் சொன்னா பொருந்தாத சாமான் இரவு பஸ்ஸில வந்து விடியக்காலை கிளிநொச்சியில இறங்கும், திருப்பி அனுப்பிற காசும் உங்கட. 2020 மார்ச்சில இறக்குமதி நிப்பாட்டினதால பழைய கார் விலை ஏறினது, 2025 பெப்ரவரியில திறந்தாலும் வரியோட புதுசு எங்களுக்கு எட்டாது, அதால இதை வித்திட்டு வேற எடுப்பம் எண்ட கணக்கும் லேசில சரி வராது, போட்டுப் பாத்தனான்.

என்ர கொப்பியில இந்த மார்கழிக்கு நிக்கிறது கீழ் ஆம் ரெண்டும், கம் மக்னற் பிளக் திரும்பக் கழட்டிப் பாக்கிறதும். எஸ்பிசி எண்ணிக்கை போன ஆடியில 214,000. தை முகூர்த்தம் தொடங்க முதல் திரும்ப வாசிப்பிச்சு எழுதோணும்.